மேட்ச் பாதி... சினிமா பாதி... ஒரு வெப்சைட் பிழைக்கிறது அவ்ளோ கஷ்டமா பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை நைட் உங்க வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்கணும்னு ஒரு சண்டை ஓடிட்டிருக்கும். அஞ்சே நிமிஷத்துல, அதே ஆட்கள் அப்படியே புதுப் படத்தோட இன்டர்வெல் சீனுக்குத் தாவிடுவாங்க. நடுவுல ஒருத்தர் வெப் சீரிஸ் க்ளைமாக்ஸைப் போட்டு உடைச்சு, எல்லார்கிட்டயும் திட்டு வாங்குவார். 'இது விளையாட்டு குரூப், இங்க சினிமா பேசாதே'ன்னு யாராச்சும் சொல்வாங்களா? சொன்னா, அவரைத்தான் குரூப்பை விட்டுத் தூக்குவாங்க!

நம்ம மண்டைக்குள்ள விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் நடுவுல சுவரே கிடையாது. ஆனா, பேப்பர்ல மட்டும் விளையாட்டுக்குக் கடைசிப் பக்கம், சினிமாவுக்குத் தனி இணைப்பு. 'இந்த ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்து ஒரு வெப்சைட் நடத்தினா என்ன?' இந்த ஐடியாவை அமெரிக்காவுல ஒருத்தர் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை செஞ்சு பார்த்தார். முதல் தடவை கடையையே இழுத்து மூடினாங்க. ரெண்டாவது தடவை பிழைச்சுக்கிட்டார். ஆனா, அதுக்குக் கொடுத்த விலை என்னங்கறதுலதான் மேட்டரே இருக்கு.

இப்போ ஏன் இந்தக் கதை? 2025 அக்டோபரில் ஸ்பாட்டிஃபையும் நெட்ஃப்ளிக்ஸும் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தன. 'தி ரிங்கர்' என்ற நிறுவனத்தின் வீடியோ பாட்காஸ்ட்கள், 2026 தொடக்கத்திலிருந்து முதலில் அமெரிக்காவில் நெட்ஃப்ளிக்ஸில் வரும் என்பதுதான் செய்தி. படித்தவர்களில் பலருக்கு 'தி ரிங்கர்' ஒரு பாட்காஸ்ட் கம்பெனி. அது எழுத்தை நம்பி ஆரம்பிக்கப்பட்ட ஒரு வெப்சைட் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

பார்ல வேலை பார்த்த ஸ்போர்ட்ஸ் கை!

பில் சிம்மன்ஸ், பாஸ்டன்காரர். 1997-ல் பத்திரிகைகளில் சரியான வாய்ப்பு கிடைக்காமல், இரவில் பாரில் வேலை பார்த்துக்கொண்டே, ஏ.ஓ.எல் நிறுவனத்தின் பாஸ்டன் பக்கத்தில் விளையாட்டுப் பத்தி எழுத ஆரம்பித்தார். பெயர், 'பாஸ்டன் ஸ்போர்ட்ஸ் கை'.

அவர் எழுத்தில் என்ன புதுசு? அன்றைய விளையாட்டு நிருபர்கள் ஸ்டேடியத்தின் பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து, 'நடுநிலையாக' எழுதுவார்கள். இவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, தன் டீம் தோற்றால் அழுதுகொண்டே எழுதினார். ஒரு பேஸ்கட்பால் வீரரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, எண்பதுகளின் ஹாலிவுட் படத்துக்குப் போய், அங்கிருந்து குத்துச்சண்டைக்குத் தாவி, திரும்பி வருவார். ஆமா, அதே வாட்ஸ்அப் குரூப் பாணிதான். ஆனா, வாட்ஸ்அப்பே இல்லாத காலத்துல!

2001-ல் ஈ.எஸ்.பி.என் அவரை வேலைக்கு எடுத்தது. பாட்காஸ்ட், '30 ஃபார் 30' ஆவணப்பட வரிசை, நம்பர் ஒன் விற்பனையைத் தொட்ட பேஸ்கட்பால் புத்தகம் என்று மனிதர் எங்கேயோ போய்விட்டார். 2011 ஜூனில் ஈ.எஸ்.பி.என் அவருக்கென்றே ஒரு தனி வெப்சைட்டைத் தொடங்கியது. அதுதான் 'கிராண்ட்லேண்ட்'. 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கொடிகட்டிப் பறந்த விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸின் நினைவாக வைத்த பெயர்.

மாஸ் என்ட்ரி... சோக க்ளைமாக்ஸ்!

கிராண்ட்லேண்டில் கட்டுரைகள் நீளமாக இருக்கும். சில கட்டுரைகளைப் படித்து முடிக்க ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் பத்தாது. பேஸ்கட்பாலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க ஸேக் லோ. சினிமாவுக்கு, 2012-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசை வென்ற வெஸ்லி மோரிஸ். இப்படி ஒரு டீம் அமைவதெல்லாம் பத்திரிகை உலகில் ஐ.பி.எல் ஏலத்தில் நினைத்த ஆளையெல்லாம் எடுத்துவிடுவது மாதிரி.

நான் இதழியல் டிப்ளமோ படிக்கும்போது கிராண்ட்லேண்ட் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. பழைய கட்டுரைகளைத் தேடித் தேடி மொபைலில் படிப்பேன். ஒரு விஷயத்தை எழுத ஒருத்தர் மாதக்கணக்கில் சுற்றலாம், அதுக்கும் ஒரு ஆபீஸ் சம்பளம் கொடுக்கும்னு அந்தக் கட்டுரைகள்தான் எனக்குக் காட்டின. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அது எவ்வளவு அபூர்வமான ஆபீஸ்னு புரிஞ்சது!

அதே தளம் பெரிய தவறும் செய்திருக்கிறது. 2014 ஜனவரியில் ஒரு கோல்ஃப் மட்டையைக் கண்டுபிடித்த பெண்ணைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. மட்டையில் ஆரம்பித்த நிருபர், அவர் ஒரு திருநங்கை என்பதைத் தோண்டி எடுத்தார். கட்டுரை வெளியாகும் முன்பே அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகும் கட்டுரை வெளியானது. முதலில் பாராட்டு, பிறகு கடும் கோபம். சிம்மன்ஸ் மன்னிப்புக் கேட்டு விரிவாக எழுதினார். பத்துப் பேருக்கு மேல் படித்து ஓகே சொன்ன கட்டுரை அது. அந்தச் சமூகத்தைப் புரிந்த ஒருவரிடம்கூடக் காட்டவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கும் ஆபீஸில், தப்பைத் தப்புன்னு சொல்ல ஆளே இருக்காது. புதுசா டீம் சேர்க்கிற எல்லாருக்கும் இது பாடம்.

அடுத்து, முதலாளியோடு உரசல். அமெரிக்கக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல்-லின் தலைவர் ரோஜர் குடெல் பொய் சொல்வதாகத் தன் பாட்காஸ்ட்டில் பொளந்துகட்டினார் சிம்மன்ஸ். அதே என்.எஃப்.எல் போட்டிகளைக் கோடிக்கணக்கில் காசு கொடுத்து ஒளிபரப்புவது யார்? ஈ.எஸ்.பி.என்! 2014 செப்டம்பரில் மூன்று வாரம் சஸ்பெண்ட். 2015 மே மாதம், 'உங்க கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கப் போறதில்லை' என்று சொல்லிவிட்டார்கள். அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, கிராண்ட்லேண்டை மூடுவதாக அறிவிப்பு. இன்னும் பெரிய தாக்கம் தரக்கூடிய வேலைகளில் கவனம் செலுத்தப்போவதாகக் காரணம் சொன்னது நிறுவனம்.

கணக்கைப் பார்ப்போமா?

'முதலாளிகூட சண்டை போட்டார், கடையை மூடிட்டாங்க'ன்னு கதையை இங்கேயே முடிச்சிடலாம். ஆனா, சண்டை பாதிக் காரணம்தான். மீதி, பக்கா கணக்கு.

ஈ.எஸ்.பி.என்-னின் பெரிய வருமானம் கேபிள் சந்தா. 2011-ல் அந்த சேனல் 10 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தது. 2015-ல் சுமார் 9.2 கோடியாக இறங்கியது. மக்கள் கேபிளை வெட்டிவிட்டு நெட்ஃப்ளிக்ஸ் பக்கம் போக ஆரம்பித்த நேரம். இன்னொரு பக்கம், செலவு ஏறுது. 2014-ல் அந்த சேனலும் டர்னர் நிறுவனமும் சேர்ந்து பேஸ்கட்பால் ஒளிபரப்பு உரிமைக்காக 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. வரவு இறங்கி, செலவு ஏறினா நம்ம வீட்ல என்ன செய்வோம்? முதல்ல எதை நிறுத்துவோம்? 2015 அக்டோபரில் சுமார் 300 பேரை வீட்டுக்கு அனுப்பியது ஈ.எஸ்.பி.என். அதே மாதம்தான் கிராண்ட்லேண்டுக்கும் பூட்டு.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, வெப்சைட் விளம்பரம் வேலை செய்கிற விதம். விளம்பரத்துக்கான காசு, எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தாங்கங்கிற எண்ணிக்கைக்குத்தான். எவ்வளவு நேரம் படிச்சாங்க, படிச்சுட்டு ராத்திரி தூங்காம யோசிச்சாங்களாங்கிறதுக்குக் கிடையாது. ஒரு நிருபர் ரெண்டு மாசம் அலைஞ்சு எழுதின கட்டுரைக்கும், ஒரு நடிகையோட விமான நிலைய போட்டோ பத்துக்கும், ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய ஒரே ரேட்தான். முதலாவதுக்கு நிருபர் சம்பளம், பயணச் செலவு, எடிட்டர், தகவல் சரிபார்க்க ஓர் ஆள். ரெண்டாவதுக்கு அரை மணி நேரம் போதும். நீங்க முதலாளியா இருந்தா எதைப் போடுவீங்க?

அந்தக் காசிலும் பெரும் பங்கை கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, விளையாட்டு பற்றி எழுதுற ஒரு தளம் மேட்ச் வீடியோவைப் போட முடியாது. அது ஒளிபரப்பு உரிமை வாங்கினவங்க சொத்து. கடைசிப் பந்து சிக்ஸரைப் பார்க்கணும்னு வர்ற ஆளுக்கு, 'சிக்ஸர் இல்ல பாஸ், சிக்ஸரைப் பத்தி 3,000 வார்த்தை இருக்கு'ன்னு சொன்னா எத்தனை பேர் நிப்பாங்க?

மறுபடியும் முதல்ல இருந்து!

சிம்மன்ஸ் சும்மா இருக்கவில்லை. கிராண்ட்லேண்டில் இருந்து தனக்கு நெருக்கமான எடிட்டர்களை அழைத்துக்கொண்டார். ஹெச்.பி.ஓ சேனல் முதலீடு செய்தது. 2016 ஜூன் 1-ம் தேதி 'தி ரிங்கர்' பிறந்தது.

ரிங்கர்னா என்ன? நம்ம ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல, ஃபைனலுக்கு மட்டும் வெளியூர்ல இருந்து ஒரு டிவிஷன் பிளேயரைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்து, 'எங்க தெரு பையன்தான்'னு இறக்கி விடுவாங்கல்ல... அந்த ஆள்தான் ரிங்கர்!

புதுக் கடைக்கு வந்த சோதனைகளைப் பாருங்க.

சோதனை 1 - முகம்: தளத்தின் மிகப்பெரிய விளம்பரம் சிம்மன்ஸின் முகம்தான். அதே மாதம் ஹெச்.பி.ஓ-வில் அவரது டாக் ஷோ ஆரம்பமானது. பார்க்க ஆள் இல்லை. நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். 'ஷோவே ஓடலை, வெப்சைட் எங்க ஓடப்போகுது' என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஆளை நம்பி ஆரம்பிக்கும் கடையில், அந்த ஆள் சறுக்கினால் மொத்தக் கடைக்கும் அடி.

சோதனை 2 - வாடகை வீடு: ரிங்கர் தனக்கென்று சொந்தமாகத் தொழில்நுட்பம் உருவாக்கவில்லை. 'மீடியம்' என்ற தளத்தின் மேல் குடியேறியது. பார்க்க அழகு, செலவும் குறைவு. ஆனா, ஓனர் எப்போ காலி பண்ணச் சொல்வார்னு தெரியாதே? 2017 ஜனவரியில் மீடியம், தன் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 50 பேரை நீக்கியது. 'இணைய விளம்பர முறையே உடைஞ்சுபோச்சு' என்ற ரீதியில் அதன் தலைவர் எழுதினார். விளம்பரத்தை நம்பி அங்கே கடை போட்டவர்களின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க! ரிங்கர் அந்த மே மாதமே வாக்ஸ் மீடியாவின் தளத்துக்கு மாறுவதாக அறிவித்தது. விளம்பரம் விற்கும் பொறுப்பும் வாக்ஸிடம் போனது. ஆரம்பித்த ஒரே வருடத்தில் வீடு மாற்றம்.

சோதனை 3 - ஒப்பீடு: எதை எழுதினாலும், 'கிராண்ட்லேண்ட் மாதிரி இல்லையே' என்றார்கள் பழைய ரசிகர்கள். மூடப்பட்ட கடையின் பிரியாணி எப்பவுமே ருசிதான்! ஆனா, அதில் ஒரு நியாயமும் இருந்தது. கிராண்ட்லேண்டின் பின்னால் ஈ.எஸ்.பி.என்-னின் பணப்பெட்டி இருந்தது. ரிங்கரோ மாசம் பிறந்தா சம்பளத்தைத் தானே சம்பாதிச்சாகணும். தினமும் நிறைய எழுத வேண்டியிருந்தது. நிறைய எழுதினால், ஆற அமர எழுத நேரம் இருக்காது.

காதுல கிடைச்ச புதையல்!

ரிங்கரைக் காப்பாற்றியது கட்டுரை இல்லை, பாட்காஸ்ட்.

எப்படி? நீங்க ஒரு கட்டுரையைப் படிக்கும்போது வேற எதையும் செய்ய முடியாது. ஆனா, பாத்திரம் கழுவிட்டே, ஜிம்ல ஓடிட்டே, பஸ் ஜன்னலோரமா உட்கார்ந்துட்டே பாட்காஸ்ட் கேட்கலாம். கட்டுரைக்குள்ள வர்ற விளம்பரத்தை ஸ்க்ரோல் பண்ணித் தாண்டிடுவீங்க. ஆனா, தினமும் காதுல பேசுற அந்த நண்பரே, 'நான் இந்த மெத்தைலதான் படுக்கிறேன்'னு சொன்னா கொஞ்சம் காது கொடுப்பீங்க. விளம்பரக் கம்பெனிகள் அதுக்கு நல்ல காசு கொடுக்கும். தயாரிப்புச் செலவோ, ரெண்டு மைக், ஒரு ரூம், வாய் ஓயாத ரெண்டு பேர்!

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எபிசோடுகளை ஒவ்வொன்றாக அலசிய 'பிஞ்ச் மோட்', பழைய படங்களைத் திரும்பப் பார்த்துக் கலாய்க்கும் 'தி ரீவாட்சபிள்ஸ்' என்று ரிங்கரின் பாட்காஸ்ட்கள் பிய்த்துக்கொண்டு போயின. 2018-ல் பாட்காஸ்ட் விளம்பரத்தில் மட்டும் 1.5 கோடி டாலருக்கு மேல் வந்ததாக 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' செய்தி வெளியிட்டது. எழுத்துக்காக ஆரம்பித்த கடையில், கல்லாவை நிரப்பியது பேச்சு.

2020 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை, ரிங்கரை வாங்குவதாக அறிவித்தது. விலை, கிட்டத்தட்ட 20 கோடி டாலர் என்றார்கள். ஒரு மியூசிக் ஆப் எதற்காக ஒரு வெப்சைட்டை வாங்குகிறது? வெப்சைட்டுக்காக இல்லை. 30-க்கும் மேற்பட்ட பாட்காஸ்ட்களுக்காக!

நாலே வருஷத்துல 20 கோடி டாலர்னா செம சக்சஸ்தானே? ஆமா. ஆனா, யாருக்கு?

ரிங்கரின் ஊழியர்கள் 2019-லேயே யூனியன் தொடங்கியிருந்தார்கள். 2021-ல் போட்ட ஒப்பந்தத்தில் ரிங்கர் யூனியன் ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 57,000 டாலர். ஸ்பாட்டிஃபைக்குச் சொந்தமான இன்னொரு நிறுவனமான 'கிம்லெட்', முழுக்க பாட்காஸ்ட் கம்பெனி. அங்கே குறைந்தபட்சம் 73,000 டாலர். ஒரே முதலாளி. எழுத்தாளர்கள் நிறைந்த வெப்சைட்டுக்கும் ஆடியோ கம்பெனிக்கும் நடுவில் 16,000 டாலர் இடைவெளி! சந்தை எழுத்தை எங்கே வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆடியோவுலயாவது நிம்மதியா இருந்தாங்களான்னா, அதுவும் இல்லை. 2023-ல் ஸ்பாட்டிஃபை அடுத்தடுத்து ஆட்களைக் குறைத்தது. கிம்லெட், அந்தக் கம்பெனிக்குள்ளேயே கரைக்கப்பட்டது. இப்போது காற்று வீடியோ பக்கம் வீசுகிறது. அதான் நெட்ஃப்ளிக்ஸ் ஒப்பந்தம். இந்த நிகழ்ச்சிகளின் முழு எபிசோடுகள் இனி யூடியூபில் கிடைக்காது என்பதும் அதில் ஓர் அம்சம். ஏ.ஓ.எல், ஈ.எஸ்.பி.என், மீடியம், வாக்ஸ், ஸ்பாட்டிஃபை, இப்போ நெட்ஃப்ளிக்ஸ். சிம்மன்ஸ் மாறி மாறிக் குடியிருந்த வீடுகளின் லிஸ்ட் இது. அவ்வளவு பெரிய ஆளுக்கே சொந்த வீடு அமையலை!

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. கிராண்ட்லேண்டில் பேஸ்கட்பாலை அலசிய ஸேக் லோ ஞாபகம் இருக்கா? அந்தத் தளம் மூடியபிறகும் ஈ.எஸ்.பி.என்-னிலேயே இருந்தார். 2024 செப்டம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். 2025-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம், தி ரிங்கர். முக்கியமான வேலை, பாட்காஸ்ட்!

வேற வழியே இல்லையா?

இருக்கு. ஆனா, சின்ன வழி.

'டெட்ஸ்பின்' என்று ஒரு தளம். 2005-ல் தொடங்கியது. விளையாட்டுதான் மெயின். ஆனா, அரசியல், சினிமா, சாப்பாடு என்று எல்லாத்தையும் கிழிக்கும். கைமாறிக் கைமாறி, 2019-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. புது நிர்வாகம் அந்த அக்டோபரில், 'இனி விளையாட்டைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது' என்று ஆர்டர் போட்டது. விளையாட்டு அல்லாத கட்டுரைகளையும் வாசகர்கள் விரும்பித்தான் படித்தார்கள் என்று அதன் முன்னாள் ஆசிரியரே எழுதியிருக்கிறார். உத்தரவை மதிக்காத பொறுப்பாசிரியரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அடுத்த சில நாளில், மொத்த எழுத்தாளர்களும் ராஜினாமா! ஒருத்தர் மிச்சமில்லை.

வெளியே வந்தவர்கள் 2020 செப்டம்பரில் 'டிஃபெக்டர்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 20 பேர், எல்லாருமே முதலாளிகள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வாக்களித்தால் ஆசிரியரையே மாற்றலாம். வருமானம்? வாசகர்கள் கட்டும் சந்தா. முதல் வருட வருமானம் 32 லட்சம் டாலர், அதில் 95 சதவிகிதம் சந்தா என்று அவர்களே கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். பெரிய சாம்ராஜ்யம் இல்லை. ஆனா, சம்பளம் கொடுக்க முடிகிறது. யாரும் வந்து 'இதை எழுதாதே'ன்னு சொல்ல முடியாது.

அந்தப் பழைய டெட்ஸ்பின் என்னாச்சு? 2024 மார்ச்சில் மால்டாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இருந்த ஊழியர்கள் ஒருவரைக்கூட அந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் மட்டும் கைமாறியது.

நம்ம ஆள் கதையும் இருக்கு!

'இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்னை பாஸ்'னு நினைக்கிறீங்களா? ஸ்கோர் பார்க்க நீங்க திறக்கிற கிரிக்இன்ஃபோவும் இதே பாதையில் நடந்ததுதான். 1993-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்த கிரிக்கெட் பைத்தியங்கள், சம்பளம் இல்லாமல் ஸ்கோர் டைப் செய்து நடத்திய தளம் அது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் ஆரம்பித்து வைத்தார். அதை வளர்த்தெடுத்த நிறுவனர்களில் ஒருவர், பின்னாளில் சென்னையில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கிய பத்ரி சேஷாத்ரி.

2000-ல் டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது, சத்யம் இன்ஃபோவே நிறுவனம் அதில் 25 சதவிகிதப் பங்கை 3.75 கோடி டாலருக்கு வாங்கியது. அப்புறம் டாட்காம் குமிழ் உடைந்தது. 2003-ல் விஸ்டன் கைக்குப் போனது. 2007-ல் வாங்கியது யார் தெரியுமா? அதே ஈ.எஸ்.பி.என்! லட்சக்கணக்கான பேர் தினமும் பார்த்த தளத்துக்கே, தன் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை. 'கூட்டம் வந்தா காசு தானா வரும்'ங்கிறது இணையத்தின் ஆகப் பெரிய பொய்களில் ஒன்று.

சரி, நமக்கென்ன?

உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் இப்படியொரு தளமோ சேனலோ ஆரம்பிக்கிற பிளான்ல இருந்தா, இந்த மூணு விஷயத்தை அவங்ககிட்ட சொல்லுங்க.

* அடுத்தவன் தளத்துல கடை போடலாம். ஆனா, படிக்கிறவங்களோட தொடர்பு உங்க கையில இருக்கணும். ஈமெயில் லிஸ்ட், சந்தா, ஏதாவது ஒண்ணு. ஆப்காரன் அல்காரிதத்தை மாத்தினா, ஒரே ராத்திரியில உங்க கூட்டம் காணாமப்போயிடும்.

* ஒரே முகத்தை நம்பாதீங்க. கிராண்ட்லேண்டில் சிம்மன்ஸ் போன அஞ்சே மாசத்துல கடை காலி. டிஃபெக்டரில் யாராவது ஒருத்தர் போனாலும் கடை இருக்கும்.

* எது காசு கொண்டுவருதோ, கடை மெதுவா அதுவாவே மாறிடும். விளம்பரம் காசு தந்தா கிளிக்குக்காக எழுதுவீங்க. பாட்காஸ்ட் காசு தந்தா பேச ஆரம்பிச்சிடுவீங்க. இது யாரோட தப்பும் இல்லை. ஆனா, ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கறது நல்லது.

மூணாவது பாயின்ட்தான் எனக்கு உறுத்துது. ரிங்கர் தோத்துப்போன கதை இல்லை. அந்த ஆபீஸில் நல்ல எழுத்தாளர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஆனா, அமெரிக்காவுல விளையாட்டையும் பாப் கல்ச்சரையும் சேர்த்து எழுதுறதுல இவ்வளவு பேரும் புகழும் உள்ள ஒருத்தராலேயே எழுத்தை மட்டும் வெச்சுப் பிழைக்க முடியலைன்னா, இப்போ டிப்ளமோ முடிச்சுட்டு, 'நானும் நீளமா, பொறுமையா, நல்லா எழுதணும்'னு கனவோட வர்ற பசங்ககிட்ட என்ன சொல்றது? 'எழுது, ஆனா மைக் முன்னாடி பேசவும் கத்துக்கோ'ன்னுதான் நான் சொல்லிட்டிருக்கேன். எனக்கே நான் சொல்லிக்கிறதும் அதைத்தான். சொல்லும்போதெல்லாம் மனசு கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்யுது.

பேச்சைக் குறை சொல்லலை. நானே பஸ்ல போகும்போது பாட்காஸ்ட்தான் கேட்கிறேன். ஆனா, ரெண்டு பேர் மைக்கைப் போட்டுப் பேசுறதுக்கு, யாரோ ஒருத்தர் நேர்ல போய்ப் பார்த்து, பத்துப் பேர்கிட்ட கேட்டு, சரிபார்த்து எழுதின ஒரு விஷயம் முதல்ல வேணும். அந்த ஒருத்தருக்கு யார் சம்பளம் கொடுக்கறது? விளம்பரக் கம்பெனி கொடுக்காது. ஆப்காரன் கொடுக்க மாட்டான். டிஃபெக்டர் கண்டுபிடிச்ச ஒரே ஆள், படிக்கிறவர்தான்.

காசு கட்டுறது அப்புறம். முதல்ல ஒரு சின்ன உதவி. அடுத்த தடவை ஒரு நல்ல கட்டுரையைப் படிச்சு, 'அட, செமயா எழுதியிருக்காங்களே'ன்னு தோணுச்சுன்னா, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போடாதீங்க. லிங்க்கைப் போடுங்க. உங்க குரூப்ல இருந்து ரெண்டு பேர் உள்ளே வந்து படிச்சாங்கன்னா, எழுதினவரோட ஆபீஸ்ல அது கணக்குல ஏறும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு எந்த ஆபீஸ்லயும் கணக்கு இல்லை!